வீட்டில் செய்த பேஸ் கிட்டார்: ஒலி மூடிக் கிடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

நாலுதந்தி:

தேக்கு உடல், 45 மி.மீ. தடிமன். ரெடிமேட் மேப்பிள் நெக், 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்). பிரிசிஷன் (ஃபெண்டரின் பேஸ் மாடல்) பாணியில் இரண்டு துண்டாக வரும் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) ஒன்று மட்டும். வால்யூம் 100 கிலோ ஓம், டோன் 100 கிலோ ஓம், டோனில் 104 கப்பாசிட்டர். தந்தி 45–105 (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது).

டோனை முழுக்கத் திறந்தாலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலி வருகிறது. ஈ தந்தி குமுறுகிறது, ஜி தந்தி மெலிந்துவிடுகிறது. இரைச்சலும் இருக்கிறது: தந்தியைத் தொட்டால் பாதியாகிறது, முழுதாக நிற்பதில்லை, கிட்டாரோடு திரும்பினால் கூடிக் குறைகிறது. ஜி தந்தியின் 6ஆவது ஃப்ரெட்டில் மட்டும் சுரம் உடனே செத்துவிடுகிறது. தேக்கு தவறான தேர்வா? பிக்கப்பை மாற்ற வேண்டுமா?

ஈயக்கோல்:

மரத்தையும் பிக்கப்பையும் இப்போதைக்கு விடுங்கள். முதல் சந்தேகம் அந்த 100கே (கிலோ ஓம்) பாட்கள்மேல்தான், அதாவது வால்யூம், டோன் திருகிகள்மேல். பிரிசிஷன் வகை பாசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்புக்கு 250கே வேண்டும். டோன் முழுக்கத் திறந்திருக்கும்போதும் இரண்டு 100கே பாட்களும் சேர்ந்து பிக்கப்பின் தலையில் சுமார் 50கே சுமையாக உட்காருகின்றன; இரண்டு 250கே என்றால் 125கே. பிக்கப்பின் ஒலி மேலே கூர்மையாக எழும் இடம் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும். அந்தச் சுமை முதலில் அமுக்குவது அதைத்தான்.

எதையும் வாங்குமுன் பிக்கப்பின் இரண்டு வயரையும் பாட்களிலிருந்து எடுத்து நேரே ஜாக்கில் பற்றவைத்துக் கேளுங்கள். ஒலி திறந்தால் குற்றவாளி பாட்.

கடையில் 250கே இல்லையென்றால் 220கே போதும். 500கே மட்டுமே கிடைத்தால் வால்யூம் பாட்டின் இரண்டு ஓரக் கால்களுக்கும் குறுக்கே 470கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். வால்யூம் பாட்டின் சுமை ஏறக்குறைய 242கே ஆகிவிடும். டோனுக்கு 500கே அப்படியே இருக்கட்டும். ஆடியோ டேப்பர் (காதுக்குச் சீராகக் கூடிக் குறையும்) பாட்தான் கேட்டு வாங்குங்கள், இப்போது வரும் சரக்கில் பெரும்பாலும் ‘ஏ’ என்று அச்சிட்டிருக்கும். ‘பி’ லீனியர். அதை வால்யூமுக்குப் போட்டால் முக்கால் சுற்றுவரை மாற்றமே தெரியாமல் கடைசியில் பொத்தென்று அடங்கும்.

104 என்பது 0.1 மைக்ரோ ஃபாரட். டோனை மூடும்போது அது அளவுக்கு மீறி விழுங்கும். 473, அதாவது 0.047, போடுங்கள். சாதாரண பாலியெஸ்டர் 100 வோல்ட் போதும், விலை உயர்ந்த ‘விண்டேஜ்’ கப்பாசிட்டர் தேவையே இல்லை. டோன் திறந்திருக்கும்போது கப்பாசிட்டரின் மதிப்பு காதில் ஏறக்குறைய படவே படாது.

எதில் செருகிக் கேட்கிறீர்கள்? மிக்ஸரின் லைன் இன்புட் என்றால் அதுவும் மேல் ஒலியைத் தின்னும். பாசிவ் பேஸுக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும்.

இரைச்சலுக்கு வருவோம். தந்தியைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்கு எர்த் வயர் சரியாகப் போயிருக்கிறது, ஷீல்டிங்தான் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லை. ஆனால் திரும்பினால் கூடிக் குறைகிறது என்கிறீர்களே, அது வீட்டு மின்சாரத்திலிருந்து காந்தவழி வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஒழுங்காக இணைத்த பிரிசிஷன் பிக்கப்பில் இரண்டு துண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து அதைப் போக்கிவிடும். ஒரு துண்டின் வயர்கள் தலைகீழாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தந்தியும் ஒரே துண்டின்மேல்தான் போகிறது, அதனால் வாசிக்கும்போது இந்தப் பிழை காதில் தெரியாது. இரைச்சல் மட்டும் கூடிக் கேட்கும். பலர் மாதக்கணக்கில் இதைக் கவனிப்பதில்லை.

சோதிக்க, பிக்கப்பைத் தனியே கழற்றி ஒரு திசைகாட்டியை மேலே காட்டுங்கள். இரண்டு துண்டும் எதிரெதிர் துருவம் காட்ட வேண்டும். காட்டினால், இரண்டு வெளி வயர்களிலும் முள் மீட்டரை மிகக் குறைந்த டிசி ரேஞ்சில் வைத்து, ஸ்க்ரூடிரைவரை ஒரு துண்டின் காந்தத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். அடுத்த துண்டிலும் அதையே செய்யுங்கள். முள் இரண்டுக்கும் ஒரே பக்கம் ஆட வேண்டும். எதிர்ப்பக்கம் ஆடினால் ஏதாவது ஒரு துண்டின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். அப்படியே ஓம் ரேஞ்சிலும் பாருங்கள்: சீரிஸில் இருந்தால் 10–12கே காட்டும். 3கே பக்கம் காட்டினால் பேரலலில் பற்றவைத்திருக்கிறீர்கள்.

ஷீல்டிங்குக்காகக் குழிக்குள் செம்புத் தகடு டேப் ஒட்டும்போது, ஒட்டுப்பசை மின்சாரம் கடத்தாத ரகமாக இருக்கலாம். இணைப்புக்கு இணைப்பு ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். ஜாக்கின் சிக்னல் கால் தகட்டைத் தொட்டால் ஒலியே நின்றுவிடும், அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

இழைப்புளி:

தேக்கில் குறை ஒன்றும் இல்லை. கனம் கூடும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பசை உள்ள மரமாதலால் ஒட்டுமுன் அசிட்டோன் தொட்டுத் துடைத்திருக்க வேண்டும், ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈ குமுறுவதும் ஜி மெலிவதும் உயரக் கணக்கு. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் காந்தத்துக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. என்று தொடங்கி, ஸ்க்ரூவை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிக் கேளுங்கள். சத்தம் கூடும் என்று நெருக்கி ஏற்றிவிடாதீர்கள். காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும், நீடிப்பும் குறையும்.

அதற்கும் முன்னால் நெக்கைச் சரிபார்க்க வேண்டும். 1ஆவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல், 8ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி. பைக் மெக்கானிக் டேப்பட்டுக்கு வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். டிரஸ் ராடை (நெக்கின் வளைவைத் திருத்தும் உள் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். பிறகு 17ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம்: ஈ 2.4, ஜி 2 மி.மீ. இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

ஜி தந்தியின் 6ஆவது ஃப்ரெட் விஷயம் போல்ட்-ஆன் (நெக்கை ஸ்க்ரூவால் உடலோடு பிணைத்த) பேஸ்களில் சாதாரணம், 5 முதல் 7 வரை எங்காவது வரும். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணில் நெக் தானும் ஆடி, தந்தியின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) துணி சுற்றி ஒரு சின்ன ஜி-கிளாம்ப் மாட்டிப் பாருங்கள். செத்த இடம் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் காரணம் நெக்தான். 50–100 கிராம் எடையை அங்கே நிரந்தரமாகப் பொருத்தி, அதிகம் வாசிக்காத சுரத்துக்கு அதை ஒதுக்கிவிடலாம். அடியோடு ஒழிப்பது கடினம்.

நெக் ஸ்க்ரூவையும் பாருங்கள். வீட்டு வேலையில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். உடலில் போட்ட துளை ஸ்க்ரூ தளர்வாக நுழையும் அளவு இருக்க வேண்டும், மரை நெக்கில் மட்டும் பிடிக்க வேண்டும். உடலிலும் மரை பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் இடைவெளி நிற்கும், நீடிப்பு போய்விடும். தடிமன் 4.2 மி.மீ. ஸ்க்ரூ என்றால் உடல் துளை 4.5, நெக் துளை 3 மி.மீ. பக்கம்.

நாலுதந்தி:

லைன் இன்புட்டில்தான் கேட்டேன். நேரே ஜாக்கில் கொடுத்ததும் ஒலி தெளிவாகத் திறந்தது. மீட்டரில் 11.2கே, திசைகாட்டி எதிரெதிராகக் காட்டுகிறது, முள் எதிர்ப்பக்கம் ஆடுகிறது, வயரை மாற்றுகிறேன். இன்னொரு கேள்வி: பழைய பதிவுகளில் வரும் கட்டையான, குட்டையான பேஸ் ஒலி வேண்டும். பிக்கப்பை நகர்த்த வேண்டுமா?

ஈயக்கோல்:

வேண்டாம், குழியை அப்படியே விடுங்கள். மிக்ஸருக்கு முன்னால் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பேஸுக்குச் சுமையாகாமல் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். நீங்கள் கேட்கும் ஒலி தந்தியிலிருந்து வருவது. மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பிரிசிஷன், கனமான ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்திகள், பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்சு. உங்களிடம் இருப்பதும் அதே வகை பிக்கப்தான். சேடிலுக்கு (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) சற்று முன்னால் தந்தியின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டை வையுங்கள். அழுத்தி வைத்தால் சுரம் போய்த் தட்டும் ஓசை மட்டும் மிஞ்சும். டோனைப் பாதிக்கு மூடி, நெக்கின் முடிவுக்கும் பிக்கப்புக்கும் நடுவே விரலால் மீட்டுங்கள்.

இழைப்புளி:

ஃப்ளாட்வவுண்ட் மாட்டினால் பெரும்பாலும் இழுவிசை கூடும். ஒரு நாள் சுருதியில் விட்டு, 8ஆவது ஃப்ரெட் இடைவெளியை மறுபடி அளந்து ராடைத் திருத்துங்கள். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் தந்தி தங்குதடையின்றி உட்காருகிறதா என்றும் பாருங்கள். இறுகினால் சுருதி சேர்க்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வரும். கடைசியாக 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளவும், இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவரவும். சேடில் எல்லைக்குப் போயும் ஏறியே இருந்தால் பிரிட்ஜே முன்னால் பொருத்தப்பட்டிருக்கிறது. நட்டிலிருந்து ஜி சேடிலுக்கு 863.6 மி.மீ.க்கு மேல் 2–3, ஈ சேடிலுக்கு 5–6 மி.மீ. கூடுதலாக வர வேண்டும்.