போலோ ஜிடி டிஎஸ்ஐ: பெரிய பிரேக் கிட் தேவையா?

டர்போகோவை:
என்னுடையது 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார். 1.2 டர்போ, கம்பெனிக் கணக்கில் 105 பிஎஸ், பவர் கூட ரீமேப்பும் (இஞ்சின் மென்பொருள் மாற்றம்) செய்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் காரவள்ளி வரும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. நாலு பிஸ்டன் காலிப்பரும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பெரிய டிஸ்க்கும் உள்ள கிட் போடலாம் என்றிருக்கிறேன். பின் டிரம்மையும் டிஸ்க்காக மாற்றலாமா?

மலைச்சாலை:
கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் தம்பி. பெடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கால் அழுத்த அழுத்த பெடல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது. நீங்கள் சொல்வது முதல் ரகம். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும்; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் தரவரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அப்புறம், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு மலை இறங்குகிறீர்களா? மேனுவலில் 2-வது கியரில் பிடித்தால் பாதி வேலையை இஞ்சினே பார்த்துக்கொள்ளும்.

கரிலேப்:
மலைச்சாலை அண்ணா சொல்வது மலைக்குச் சரி. ஆனால் ரீமேப் செய்த வண்டியை இவர் மலையில் மட்டுமா ஓட்டப் போகிறார்? கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு ஒரு நாள் வந்தே தீருவார். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிப்பதற்கும் 100-இல் பிடிப்பதற்கும் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, டிஸ்க் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. அடுத்த வளைவுக்குள் அது ஆறுவதற்கு நேரமும் கிடையாது. நல்ல ஆயில் கொதிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு வேண்டும். கனமான, காற்றோட்டமுள்ள பெரிய டிஸ்க்குக்கு மாற்று இல்லை.

மலைச்சாலை:
முன்னால் மட்டும் பெரிதாக்கினால் பின்னால் என்ன ஆகும்? முன் சக்கரம் சீக்கிரம் பிடிப்பின் எல்லையைத் தொட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கும். பின் டிரம் பாதி வேலைகூடச் செய்திருக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் ஈபிடி பின் அழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. நிற்கும் தூரம் நீளத்தான் செய்யும். இப்போதே ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு அழுத்த முடிகிறதென்றால் ஒரே அடியில் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். காலிப்பர் அல்ல.

கரிலேப்:
அது கண்ணை மூடிக்கொண்டு கிட் வாங்கினால். பிஸ்டன் விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய காலிப்பரில் ஒரே ஒரு 54 மி.மீ. பிஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 22.9 சதுர செ.மீ. நாலு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கணக்கெடுக்க வேண்டும். 38 மி.மீ. இரண்டு என்றால் 22.7. அழுத்தும் பலம் கிட்டத்தட்ட அதேதான், பெடல் பயணமும் நீளாது. டிஸ்க் பெரிதாவதால் முன்பக்கப் பிரேக் பலம் கொஞ்சம் கூடும். அதற்கேற்பப் பிஸ்டனை இன்னும் சற்றுச் சிறிதாக எடுக்கலாம். நாலு பிஸ்டன் என்றால் நாலு மடங்கு பலம் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

டர்போகோவை:
சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமாக எதிலும் பிரேக் ஆயில் மாற்றிய வரி இல்லை. பின் டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மலைச்சாலை:
அதை விட்டுவிடுங்கள். ஹப், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் சென்சார் இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக இழுக்கும். மலை இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்னுக்குக் கிடைக்கும் வேலையே குறைவு. முதலில் ஆயிலை முழுக்க மாற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை (ஏர்) எடுக்கச் சொல்லுங்கள். டாட் 5.1 போடலாம், டாட் 5 சிலிகான், அதைத் தொடவே கூடாது.

கரிலேப்:
ஆயில் விஷயத்தில் நானும் அதேதான். கூடவே சூடு தாங்கும் முன் பேட் போட்டு, பேட் கம்பெனி சொன்னபடி டிஸ்க்கோடு படியவையுங்கள். கரிக்கு வந்து சில சுற்றிலேயே பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால் கிட் பேச்சை எடுப்போம். அப்போது 15 அங்குல வீலுக்குள் அந்தக் காலிப்பர் நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் மாற்றமில்லை. டிராக் ஓட்டுபவருக்குப் பெரிய டிஸ்க் வேண்டும்.