ஃபோர்டின் 5 டாலர் கூலி: தர்மமா, கணக்கா?

மருதன்:
அமெரிக்காவில் தொழிலாளி நடுத்தர வர்க்கமாக மாறியது எப்போது என்று கேட்டால், 1914 ஜனவரி 5 என்பேன். டெட்ராய்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் இனி நாள் கூலி 5 டாலர் என்று கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு அறிவித்த நாள். அதுவரை 2 டாலர் 34 சென்ட்தான். வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 ஆனது. தன் தொழிலாளியும் கார் வாங்கவேண்டும் என்று நினைத்த முதலாளி. தொழிற்சங்கம் கேட்டு வாங்கியதில்லை இது.

கோமதி:
கார் வாங்கத்தான் கூலி ஏற்றினார் என்பது பிற்பாடு கட்டிய கதை தம்பி. வருஷத்துக்கு 2 லட்சம் காருக்கு மேல் விற்கிற கம்பெனிக்கு 14,000 தொழிலாளி எம்மாத்திரம்? அதற்கு முந்தைய வருஷத்தைப் பாருங்கள். அந்த 14,000 பேரை வைத்து ஓட்ட, 1913இல் மட்டும் 52,000 பேரை வேலைக்கு எடுக்கவேண்டி வந்தது. வந்தவன் நிற்கவில்லை. ஆள் நின்ற இடத்தில் நிற்க, கார் நகர்ந்து வரும் அசெம்பிளி லைன் வந்ததும், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸி (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை 93 நிமிஷத்தில் முடிந்தது. போல்ட்டைச் செருகுகிறவன் நட்டைப் போடமாட்டான், நட்டைப் போடுகிறவன் முடுக்கமாட்டான். நாள் முழுக்க அதே கையசைவு. யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? ஆளை நிறுத்திவைக்கக் கொடுத்த காசு அது.

மருதன்:
எதற்குக் கொடுத்தால் என்ன அக்கா, கைக்கு வந்ததா இல்லையா? 1908இல் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டின் மாடல் டி கார், 1925இல் 300க்கும் கீழே. விவசாயிகூட வாங்கினான். ஊருக்கு ஊர் சாலை வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது.

கோமதி:
வந்தது. ஆனால் எல்லாருக்கும் வரவில்லை. வேலை கேட்டு வாசலில் ஆயிரக்கணக்கில் கூடியவர்கள்மேல், உறைகிற குளிரில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே போனவனுக்கும் 5 டாலரில் பாதி ‘லாபப் பங்கு’, அதுவும் நிபந்தனையோடு. கம்பெனி ஆள் வீட்டுக்கே வருவான். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று குறிப்பெடுப்பான். என் மாமியார்கூட இவ்வளவு நோண்டியதில்லை. பெண்களுக்கு 1916வரை இந்தத் திட்டமே கிடையாது.

பழையவாசகன்:
இரண்டு பேரும் 1914ஐ விட்டு நகரமாட்டேன் என்கிறீர்களே. 1932 மார்ச் 7 அன்று, பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்கள் டியர்பார்னில் இருந்த ஃபோர்டு ஆலைக்கு ஊர்வலம் போனார்கள். போலீசும் கம்பெனிக் காவலாட்களும் சுட்டதில் 4 பேர் அங்கேயே செத்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை 1935இல் சட்டமாகியும், ஃபோர்டு அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது 1941இல். மருதன் சார், நடுத்தர வர்க்கத்துக்குத் தேதி வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

மருதன்:
1932க்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெற்கிலிருந்து பருத்திக்காட்டை விட்டு வந்த கறுப்பினத்தவரை மற்ற கார் கம்பெனிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தது இதே ஃபோர்டுதான். அதையும் எழுதுங்கள்.

கோமதி:
எழுதுகிறேன். எங்கே போட்டார்? பெரும்பாலும் வார்ப்படப் பட்டறையில், உருகிய இரும்புக்குப் பக்கத்தில். கூலி மட்டும் வெள்ளைக்காரனுக்குச் சமம். அதை மறுக்கமாட்டேன்.

மருதன்:
அப்பாடா, இந்த ஒரு வரியை வாங்க எனக்கு இத்தனை பதிவு ஆனது!