1997 மாருதி 800: முன்னிருக்கைகளைக் கழற்றிச் சீரமைக்க வழி சொல்லுங்கள்

ஈரோடு_வெள்ளை800:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1997இல் புதிதாக வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் முடிந்த பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வருகிறோம். இயந்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கை, கதவை ஒட்டிய வலப்பக்கத்தில் குழிந்துவிட்டதால், பவானி வரை போய் வந்தாலே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இடப்பக்க இருக்கையில் துணி கிழிந்து, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு மஞ்சள் தூளாக உதிர்கிறது. நெம்புகோலை இழுத்து முன்னே தள்ளினால் அந்த இருக்கை ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து, கோணலாகச் சிக்கிக்கொள்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குஷன் கடையில் கொடுத்தோம். பழைய துணியின் மேலேயே இரண்டு அங்குல ஸ்பாஞ்சை வைத்து, அதற்கு மேல் ரெக்சின் உறையைத் தைத்துக் கொடுத்தார்கள். அப்பாவின் தலை கூரையைத் தொட்டதுதான் மிச்சம்; ஆறே மாதத்தில் பழைய குழி திரும்பவும் வந்துவிட்டது. இம்முறை இருக்கைகளை நாங்களே கழற்றி, அடியிலிருந்து சரிசெய்ய விரும்புகிறோம். வீட்டில் ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்க வேண்டும், எதைக் கடைக்காரரிடம் விட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

குஷன்வேலை_கோவை:

அம்மா, முப்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்கையில் உறை என்பது கடைசி வேலை. உட்காருபவரின் எடையைச் சட்டமும் ஸ்பிரிங்கும் தாங்குகின்றன. ஸ்பாஞ்சு அந்த எடையைப் பரப்பிக் கொடுக்கிறது. உறை அதைப் பிடித்து வைக்கிறது. அடியில் ஒரு ஸ்பிரிங் முறிந்திருக்கும்போது மேலே எத்தனை அங்குலம் ஏற்றினாலும், அதே இடத்தில் மீண்டும் குழி விழத்தான் செய்யும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இருக்கையை வெளியே எடுத்தபின் கவிழ்த்து வைத்து, எதையும் பிரிக்கும் முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுச்சாய்வைச் சாய்க்கும் அமைப்பின் பக்கத்தில் தட்டைக் கம்பியைச் சுருட்டிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அது முறுக்கேறிய நிலையில் இருக்கும்போது கழற்றினால் விரலைப் பதம் பார்த்துவிடும். சாய்வை முழுவதும் முன்னே மடக்கி, முறுக்குத் தளர்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும்.

பிறகு உறையின் விளிம்புகளைப் பிடித்திருக்கும் கொக்கிகளையும் கம்பி வளையங்களையும் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கத்தியால் அறுக்க வேண்டாம். பழைய உறை எவ்வளவு கந்தலாக இருந்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றிலும் "வலது, முன், மேல்" என்று எழுதி வைத்தால், புதிய துணியை வெட்ட அதைவிட நல்ல அளவு கிடையாது. உறையின் உட்புறத்தில் சிறு துணிக்குழாய்களுக்குள் மெல்லிய கம்பிகள் செருகப்பட்டிருக்கும். ஸ்பாஞ்சில் இருக்கும் பள்ளங்களுக்குள் உறையை இழுத்துப் பிடிப்பவை அவைதாம். அவற்றைப் பத்திரமாக உருவி எடுத்து வையுங்கள்.

ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் அமிழ்ந்திருப்பதற்குக் காரணம், இறங்கி ஏறும்போதெல்லாம் உடலின் எடை முழுவதும் அந்த விளிம்பில் விழுவது. ஸ்பாஞ்சின் மற்ற பகுதி நன்றாக இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. தூளாகிப்போன பகுதியை மட்டும் நேர்கோட்டில் அறுத்தெடுத்து, துண்டு ஸ்பாஞ்சுகளை அழுத்தி ஒட்டிய கெட்டி வகையை அந்த இடத்தில் வைத்து, அதன் மேல் 40 டென்சிட்டி ஸ்பாஞ்சை மெல்லிய அடுக்காகப் போடுங்கள். 40 என்பது ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்ற கணக்கு. கட்டிலுக்கு விற்கும் மலிவான ஸ்பாஞ்சு கையில் அழுத்தும்போது சுகமாக இருக்கும். ஒரு கோடைக்கு மேல் தாங்காது. ஸ்பிரிங்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஒரு கித்தான் துணியைப் போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கம்பி ஸ்பாஞ்சை அடியிலிருந்து அறுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் இடப்பக்க இருக்கையில் உதிரும் தூளில் ஒரு பங்கு அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

ரெக்சினா துணியா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாத வண்டிக்கு ரெக்சின் ஆகாது. பின்புறம் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிய, காருக்கென்றே நெய்த துணியாக வாங்குங்கள். பாலியெஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுவிடும்.

திருச்சி_பழையவண்டி:

ஐயா சொன்னதோடு, கழற்றும் வேலையைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். ஏனெனில் அங்கேதான் நான் தவறு செய்தேன். இருக்கையை முழுவதும் பின்னே தள்ளினால் முன் போல்ட்டுகளும், முன்னே தள்ளினால் பின் போல்ட்டுகளும் கைக்கு எட்டும். அவை தரைத்தகட்டின் அடியில் வெல்டிங் செய்த நட்டுகளில் இறங்கியிருக்கும். துருப்பிடித்த போல்ட்டை நான் நீளமான குழாய் போட்டு நெம்பியதில், வெல்டிங் விட்டுப்போய், நட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிட்டது. அரை மணி நேர வேலை இரண்டு நாள் டிங்கர் வேலையாக ஆனது.

ஆகவே முந்தைய நாள் மாலையே வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊற விடுங்கள். மறுநாள் பாக்ஸ் ஸ்பேனரால் முதலில் சற்றே இறுக்கும் திசையில் அசைத்து, துருவின் பிடி விட்டதும் தளர்த்துங்கள். கால் சுற்று தளர்த்தி, மீண்டும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகப் போனால் வந்துவிடும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சூடேற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் பின்னாலும் இயந்திரம் முன்னாலும் இருப்பதால், பெட்ரோல் குழாய் தரையின் அடியில்தான் ஓடுகிறது. தவிர, எரியும் ஸ்பாஞ்சின் புகை நச்சு.

இருக்கைகள் வெளியே வந்ததும் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து, மழைநீர் உள்ளே இறங்கி, விரிப்பின் அடியில் தேங்குவது இந்த வண்டிகளில் அடிக்கடி காணும் குறை. இருக்கை பொருந்தும் இடத்தில் தகடு இற்றுப்போயிருந்தால், மேலே எவ்வளவு அழகாகத் தைத்தும் பயனில்லை.

பட்டறை_மதுரை:

மேற்கண்ட இருவரும் கூறியவற்றை ஏற்கிறேன். நான் வலியுறுத்த விரும்புவது பாதுகாப்பு. விபத்தில் இருக்கை பிடுங்கிக்கொண்டால், பெல்ட் போட்டிருப்பவருக்கும் அது உதவாமல் போகலாம். ஆகவே துருவேறிய போல்ட்டுகளை மீண்டும் போடாமல், தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த புதிய போல்ட்டுகளை, பழையதைக் கையில் கொண்டுபோய் விட்டம், நீளம், மரையின் இடைவெளி மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பெல்ட்டின் போல்ட்டுகள் வேறு இனம். பெரும்பாலான கார்களில் அவை 7/16 அங்குல நெருக்க மரை கொண்டவை. அந்தத் துளையில் மில்லிமீட்டர் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை அழிந்துவிடும்.

கோணலாகச் சிக்கும் இருக்கையில், அது முன்னும் பின்னும் நகரும் இரு தண்டவாளங்களிலும் உள்ள பற்களைத் துடைத்துப் பார்த்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவிக்கும் இணைப்புக் கம்பி வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தண்டவாளத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். அப்பிவிட்டால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் கம்பி முறிந்திருந்தால் வெல்டிங் வைக்க வேண்டாம், சூட்டில் அதன் பதம் போய்விடும். மாற்றுக் கம்பிதான் போட வேண்டும். சட்டத்தில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்கலாம். ஆனால் ஸ்பாஞ்சு முழுவதையும் எடுத்த பிறகுதான்.

துணி வாங்கும்போது, வாகன உட்புறத் துணி எரியும் வேகத்துக்கான ஐஎஸ் 15061 தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். சோபாவுக்கு விற்கும் துணி அதற்கென்று செய்யப்பட்டதல்ல.

இன்னொன்று: உங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது. இதைப் படித்துவிட்டு, பக்க ஏர்பேக் உள்ள புதிய வண்டியில் யாரும் இதேபோல் இறங்கிவிட வேண்டாம். அங்கே பேட்டரியைத் துண்டித்துக் காத்திருப்பது முதலான தனி முறைகள் உண்டு.

ஈரோடு_வெள்ளை800:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை இடப்பக்க இருக்கையைக் கழற்றிவிட்டோம். மூன்று போல்ட்டுகள் எளிதாக வந்தன. நான்காவதற்கு இரண்டு இரவுகள் எண்ணெயில் ஊற வேண்டியிருந்தது. விரிப்பின் அடியில் ஈரம் இருந்தது, ஆனால் தகடு உறுதியாக இருக்கிறது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறோம். முன் கண்ணாடி ரப்பரையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

உறையைப் பிரித்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. முன்பு வேலை செய்தவர்கள், துணிக்குழாய்க் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு உறையை விளிம்பில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங்கிலும் இரண்டு வரிசை முறிந்திருக்கிறது. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

குஷன்வேலை_கோவை:

கம்பிக்குக் கவலை வேண்டாம், அம்மா. ஸ்பாஞ்சின் பள்ளத்தை நூலால் அளந்து, அந்த நீளத்துக்குத் எளிதில் துரு ஏறாத ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை வெட்டி, முனைகளை வளையமாக மடக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை விட்டால் துணியைக் கிழித்துவிடும். ஸ்பிரிங்குக்கு, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் அதே வண்டியின் இருக்கைச் சட்டத்தைத் தேடுவதுதான் சிறந்தது. முறிந்த கம்பியைக் கையோடு எடுத்துச் சென்று, கம்பியின் தடிமனும் வளைவுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையையும் இதேபோல் சரிசெய்தபின், உறை போடும் முன்பே அதன் சட்டத்தை வண்டியில் வைத்து, அப்பாவை ஒருமுறை அதன் மேல் வெறும் ஸ்பாஞ்சுடன் உட்காரச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கின் உயரமும் கூரைக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியும் சரியாக இருப்பதாக அவர் சொன்ன பிறகு துணியை வெட்டலாம்.