மரபணு ஆலோசனைப் படிப்பு: நேர்காணலுக்கு வழிகாட்ட யாரேனும் உண்டா?

வணக்கம். கூடலூரிலிருந்து எழுதுகிறேன். விலங்கியல் பட்டதாரி; இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனை முகாம்களில் தன்னார்வலர். இந்நோய்க்கான மரபணு இந்தியாவில் முதன்முதலில் 1952இல் பதிவானதே எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

அமெரிக்காவில் மரபணு ஆலோசனை (பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கி வழிகாட்டும் துறை) முதுநிலைப் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் நேர்காணலுக்கு அழைத்திருக்கின்றன. முகாமில் ஒரு தாய் கேட்டார்: “நாலில் ஒன்றுக்குத்தான் வரும் என்றீர்களே, மூத்தவனுக்கு வந்துவிட்டது. இனி அடுத்ததற்கு வராதுதானே?” பெற்றோர் இருவரும் கடத்திகளாக (நோயில்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் அதே 25 சதவீதம்தான். செவிலியர் அக்கா இரண்டு நாணயங்களைத் திரும்பத் திரும்பச் சுண்டிக் காட்டி விளக்கினார். அந்த அம்மா கடைசிவரை நாணயத்தைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். பெயர் சொல்லாமல் இதை நேர்காணலில் சொல்லலாமா? அல்லது அடுத்தவர் துயரத்தை விற்பதாகிவிடுமா?

இன்னொன்று: நேர்காணல்கள் முடிந்த பிறகு நம் விருப்ப வரிசையையும் பல்கலைக்கழகங்களின் வரிசையையும் கணினி பொருத்துகிறது, பொருந்திய இடத்தை மறுக்க முடியாது. அப்படியானால் கட்டணம் கட்டுப்படியாகாத இடத்தை என் வரிசையில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதானே நல்லது?

இத்துறையில் இருக்கும் அக்கா, அண்ணன் யாரேனும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் என்னைக் கேள்விகளால் துளைத்தெடுத்தால் பெரிய உதவி. வாழ்த்துகளை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்!