மறு: சக்கர நட்டு தானாகக் கழல்வதற்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> "சுயதளர்வு" என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு உடன்பாடில்லை. பாரம் தாங்கிச் சுற்றும் சக்கரத்தில் நட்டு தானாகவே மெல்லத் திரும்புவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. நாம் பேசுகிற இந்த இயக்கம் நட்டைக் கழற்றவும் செய்யும், இறுக்கவும் செய்யும். பெயரிலேயே தளர்வைப் போட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

பழைய எம்.ஜி., ஜாகுவார் கார்களின் கம்பிச் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதில் துருத்திக்கொண்டிருக்கும் காதைச் செம்புச் சுத்தியலால் தட்டித்தான் பூட்டுவதும் கழற்றுவதும். எந்தப் பக்கம் தட்டினால் கழலும் என்பதற்கு 'அன்டூ' (கழற்று) என்ற எழுத்தும் அம்புக்குறியும் நட்டிலேயே பொறித்திருக்கும். காரின் இடப்பக்கம் வலமரை (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும் திருகுப்புரி), வலப்பக்கம் இடமரை (இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது). அதாவது கார் முன்னால் போகும்போது சக்கரம் சுற்றுகிற திசையில் திருப்பினால் நட்டு கழலும். முதன்முதலில் பார்ப்பவர்கள் மாற்றிப் பூட்டிவிட்டார்களோ என்றுதான் நினைப்பார்கள்.

மாற்றவில்லை. நட்டின் உட்கூம்பு, சக்கர மையத்தின் வெளிக்கூம்பின் மேல் உட்காருகிறது. நட்டின் கூம்பு மயிரிழை பெரிது. சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, பாரம் அழுத்தும் இடம் சக்கரத்தின் மேல் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. நட்டு அதைத் தொடர்ந்து உருண்டு, சுற்றுக்குச் சுற்று துளித்துளியாக இறுகுகிறது. விரலில் வளையலை மாட்டிச் சுழற்றுங்கள்; வளையல் தானும் மெல்லத் திரும்புவது தெரியும்.

பழைய காரைப் புதுப்பிக்கும்போது இடது ஹப்பை (சக்கரமும் நட்டும் பூட்டும் மரையுள்ள அச்சுமுனையை) வலப்பக்கம் மாட்டிவிட்டால் இதே இயக்கம் நட்டைக் கழற்றிவிடும். எவ்வளவு ஓங்கி அடித்துப் பூட்டினாலும் பயனில்லை, ஹப்பை உரிய பக்கத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். (கூம்பு தேய்ந்தும் கழலலாம், அது வேறு.)

சைக்கிளில் இடது பெடலுக்கு இடமரை. அங்கே பெடலின் அச்சு கிராங்கின் (பெடலைப் பூட்டும் தண்டின்) துளைக்குள் உருள்வதால் திசை அப்படியே தலைகீழ்.

> "அயனச்சலனம்" ஏற்கெனவே இருக்கிறதே?

அது பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதற்கான சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பிரிசெஷன்' என்று ஒரே பெயர் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டாம்.

> "ஊர்திருகல்"?

நல்ல ஓசைதான். ஆனால் சறுக்கிக்கொண்டு போனாலும் ஊர்தல்தான். இங்கே நடப்பது உருளல்.

ஆகவே என் பரிந்துரை: உருள்திருகல். தேவைப்படும் இடத்தில் 'இறுக்கும் உருள்திருகல்', 'கழற்றும் உருள்திருகல்' என்று பிரித்துச் சொல்லலாம். மரை வெட்டத் தெரிந்த யாருக்கும் விளக்கம் கேட்காமலே பாதி புரியும்.

அப்புறம், அந்த நட்டுக்கு 'காதுநட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். துருத்திக்கொண்டிருக்கும் காதுகளை அமெரிக்கா 1968-இல் தடை செய்தது. அதன்பின் அங்கே போன எம்.ஜி. கார்களில் எண்கோண நட்டுதான். இரண்டுக்கும் பொருந்துவது 'மையநட்டு'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.