பவர் சப்ளை விசிறி கரகரக்கிறது

குருநகரிலிருந்து:
காலையில் கணினியைப் போட்டதும், அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைப் பெட்டியின் விசிறி அம்மி அரைப்பதுபோல் கரகரக்கிறது. பத்து நிமிடத்தில் அடங்குகிறது. வீடு கடலோரம். பின்பக்க வலையில் தூசி உப்பு ஈரத்தோடு களிபோல் படிந்திருக்கிறது. மகளின் உயர்தரப் பரீட்சைப் பாடங்கள் எல்லாம் இதில்தான். திறந்து எண்ணெய் விடலாமா?

நல்லூரிலிருந்து:
வேண்டாம் அண்ணா! பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கலாம். சூடேறியதும் சத்தம் அடங்குகிறதென்றால் பெரும்பாலும் விசிறியின் அச்சைத் தாங்கும் பெயாரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். பவர் சப்ளையையே மாற்றிவிடுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து:
முதலில் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். என் கணினியில் ஒரு வயர்தான் புரொசெசர் விசிறியில் உரசிக்கொண்டிருந்தது.

குருநகரிலிருந்து:
பார்த்தேன் தம்பி, வயர் எதுவும் உரசவில்லை. பின்பக்கம் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. பாடங்களைப் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். நாளை புதிய பவர் சப்ளை வாங்குகிறேன்.