ரேண்டம் வால்பேப்பர்: ‘எழுமாற்றுச் சுவர்த்தாள்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸில் சாளரங்களைத் திறந்து அடுக்கி நிர்வகிக்கும் சாளர மேலாளர்களில் ஒன்றான ஃப்ளக்ஸ்பாக்ஸின் ஆவணத்தைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் தடங்கி நிற்கிறேன். ‘எஃப்பிசெட்பிஜி’ கட்டளையோடு ‘ஆர்’ என்ற விருப்பத்தையும் ஒரு கோப்புறையின் பெயரையும் கொடுத்தால், அதிலுள்ள படங்களில் ஏதோ ஒன்றை அதுவே எடுத்துத் திரையில் போடும். இப்படி வரும் ‘ரேண்டம் வால்பேப்பர்’ என்பதை ‘எழுமாற்றுச் சுவர்த்தாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

---

> எழுமாற்றுச் சுவர்த்தாள்

வணக்கம் நண்பரே. இரண்டு சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலில் சுவர்த்தாள்.

அந்தப் படம் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். லினக்ஸில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறைமையில் மற்ற எல்லாச் சாளரங்களுக்கும் அடியில், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சாளரம் கிடக்கிறது. அதுதான் வேர்ச் சாளரம். அதன் பின்னணியாகத்தான் படம் தீட்டப்படுகிறது. சுவரும் இல்லை, தாளும் இல்லை. ‘பின்னணி’ என்ற சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘பின்னணிப் படம்’ என்றால் விளக்கமே தேவைப்படாது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில் வேர்ச் சாளரமே கிடையாது, அதில் ஓடும் ஸ்வே என்ற சாளர மேலாளரில் ‘ஸ்வேபிஜி’ என்ற தனி நிரல் படத்தை வரைகிறது. அங்கும் பின்னணி பின்னணிதான்.

இன்னொன்று. உங்கள் வரைவில் ‘சாளர மேலாளர் படத்தை மாற்றும்’ என்ற வாக்கியம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற சாளர மேலாளர்கள் பின்னணியைத் தொடுவதே இல்லை. தொடங்கும்போது வேறொரு நிரலை ஏவிவிடுவதோடு சரி. ஃப்ளக்ஸ்பாக்ஸோடு வரும் எஃப்பிசெட்பிஜியும் தானே வரைவதில்லை. கணினியில் ஃபெஹ் போன்ற, பின்னணிப் படம் போடத் தெரிந்த நிரல் ஏதாவது இருக்கிறதா என்று தேடி, அதன் தலையில் வேலையைக் கட்டிவிடும்.

இனி, ரேண்டம். தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் ‘சமவாய்ப்பு’ என்று இருக்கிறது. நிகழ்தகவுக்கு அது பொருத்தம்; பட்டியில் ஒரு பொத்தானின் மேல் எழுதினால் யாரும் அழுத்தமாட்டார்கள். என் பரிந்துரை ‘குலுக்கல்’. உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஊர்ச்சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். கோப்புறையைக் குடமாகவும் படங்களை ஓலைகளாகவும் வைத்துக்கொண்டால், நிரல் செய்வதும் அதேதான். ஆகவே: குலுக்கல் பின்னணி.

---

பின்னணிக்கு என் வாக்கு. குலுக்கலுக்கு இல்லை.

இலங்கையில் ‘எழுமாறு’ பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். எங்களுக்கு அது கரடுமுரடாகப் படுவதில்லை. குலுக்கல் என்றதும் பரிசுச் சீட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. அதையும் நாங்கள் சீட்டிழுப்பு என்போம்.

சொல் ஒருபுறம் இருக்க, பயனர்கள் அதிகம் முறையிடும் விடயம் ஒன்றை ஆவணத்தில் தெளிவுபடுத்த வேண்டும்: “நேற்று வந்த படமே இன்றும் வருகிறது.” ஃபெஹ்ஹிடம் கலைக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புதிதாகக் கலைத்து, மேலே வந்ததைப் போடும். முன்பு எதைப் போட்டது என்பது அதற்குத் தெரியாது. எடுத்த ஓலையை மீண்டும் குடத்துக்குள் போட்டுவிடுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். எல்லாப் படங்களும் ஒரு சுற்று வந்த பிறகே பழையது திரும்ப வேண்டும் என்றால், கலைத்த பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, வரி வரியாக எடுத்துத் தீர்க்க வேண்டும். ‘ஷஃப்’ கட்டளை கலைத்துத் தரும்; மீதியை நாமே எழுத வேண்டும். இவை இரண்டு வெவ்வேறு செயல்கள், ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவதற்கு ‘எழுமாறாக’, இரண்டாவதற்கு ‘கலைத்து வரிசையாக’ என்கிறேன்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுப் படம் மாறவில்லை என்று வருவோருக்கும் ஒரு வரி சேருங்கள்: எந்தத் திரை என்பதைச் சொல்லும் ‘டிஸ்ப்ளே’ மாறி கிரானுக்குள் இருக்காது, நாமே கொடுக்க வேண்டும்.

---

‘கலைத்து வரிசையாக’ நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ‘பின்னணி’யை இன்றே கோப்பில் மாற்றிவிடுகிறேன். எழுமாறா குலுக்கலா என்பதை வெள்ளிக்கிழமை வரை திறந்தே வைப்போம். அதற்குள் யாராவது ‘சீட்டிழுப்புப் பின்னணி’ என்று முன்மொழியாமல் இருந்தால் சரி.